பாட்டுக்காரர் போன பிறகு: மதுரை வட்டார மேடைக் குழுக்களும் ரசிகர் நினைவும்

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருந்தது. முருகன் வேடத்தில் மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த விசுவநாததாஸ் மேடையிலேயே உயிர்விட்டார். வேடம் கலைக்காமலே இறுதி ஊர்வலம் கிளம்பியது. சிவகாசியில் 1886இல் பிறந்து, மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தில் குடியேறியவர் அவர். நாடகக் குழுவின் உயிர் அதன் பாட்டுக்காரர்தான் என்றால், அவர் போனதும் குழுவும் போய்விட வேண்டும். மதுரை வட்டாரத்தில் அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதே இக்கட்டுரை தேடுவது.

விடை தாஸின் தொழில்முறையிலேயே கிடைக்கிறது. ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் தெரிந்த கதை; மெட்டுகளும் தெரிந்தவை. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் இடத்தில் கொக்கு வரும். கொக்கின் நிறம் வெள்ளை. அவ்வளவு போதும்: கொக்கை விரட்டும் பாட்டு வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டாகிவிடும். கூட்டம் புரிந்துகொண்டு ஆர்ப்பரிக்கும், போலீசும் புரிந்துகொள்ளும். தாஸ் பலமுறை சிறை சென்றது இதனால்தான். பழகிய மெட்டில் அன்றைய சேதியைப் புகுத்துவது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. அதற்கு ஒரே குரல் வேண்டுமென்பதில்லை.

அவரோடு மேடையில் நடித்துப் பாடிய மதுரை கே.பி. ஜானகியம்மாள் அந்த வித்தையை நாடகக் கொட்டகையிலிருந்து கட்சி மேடைக்குக் கொண்டுவந்தார். பிறகு பொதுவுடைமை இயக்கத்துக்கே வந்து, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். பேச்சாளரின் கார் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்துவைப்பது அக்காலக் கட்சி மேடையில் பாட்டுக்காரர் வேலை. தலைவர் எவ்வளவு தாமதமோ, அவ்வளவு பாட்டு வேண்டும்.

இந்த இடத்தில்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் வருகிறார். இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று மதுரை மாவட்டம். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் ஆகியோரோடு ‘பாவலர் பிரதர்ஸ்’ என ஊர் ஊராகப் போனார். ஆர்மோனியம், தாள வாத்தியம், நான்கைந்து குரல். இன்றைய சொல்லில் ஒரு பேண்டு. பெண்குரலுக்கு ஆளில்லை, ராசய்யாவே பெண்குரலில் பாடினார். அவர் குரல் உடைந்ததும் அந்த வேலை அமர்சிங் தலையில் விழுந்தது. ராசய்யா பின்னாளில் இளையராஜா. அமர்சிங், கங்கை அமரன்.

1958 மே மாதம் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தல் அக்குழுவின் உச்சம். 1957இல் கேரளத்தில் அமைந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு 126 இடங்களில் கட்சியின் சொந்த பலம் 60, ஆதரவு சுயேச்சைகள் 5. ஒவ்வோர் இடமும் உயிர்நாடி. தேயிலைத் தோட்டத் தமிழர் நிறைந்த அந்தத் தொகுதியில் அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ் மறுபடி நின்றார். காங்கிரசின் சின்னம் அப்போது நுகம் பூட்டிய இரட்டைக் காளை. அந்தக் காளைகளைக் கேலிசெய்து பாவலர் கட்டிய பாட்டு மலையெங்கும் பரவியது. ரோசம்மா வென்றார். வெற்றிப் பெருமை பாவலருக்கே உரியது என்று இ.எம்.எஸ். சொன்னதாக இளையராஜா நினைவுகூர்ந்திருக்கிறார். அண்ணன்மேல் தம்பிக்குள்ள பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பாட்டால் ஒரு தொகுதி கலகலத்தது என்பதை மறுக்க முடியாது.

1968இல் தாய் சின்னத்தாய் வானொலிப் பெட்டியை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். 1973இல் பாவலர் இறந்தார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல். அண்ணன் அதைப் பார்க்கவில்லை.

அதன்பின் ரசிகர் நினைவு தடம் மாறியது. கட்சிக் கூட்டத் திடல்களில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அவர் பாவலர். அடுத்த தலைமுறைக்கு இளையராஜாவின் அண்ணன். இந்த உறவுமுறையை நான் தலைகீழாகவே படிக்கிறேன். சினிமா மெட்டுக்குப் புதுச் சொல் வைத்த அண்ணனிடம்தான், எந்த மெட்டு கூட்டத்தை நிமிர வைக்கும் என்று தம்பி பத்தாண்டு பாடம் படித்தார். மேடையில் விழுந்த கைதட்டல் தன் ஆர்மோனியத்துக்கல்ல, மெட்டுப் போட்டவருக்கு என்று தமக்கு ஒருநாள் உறைத்ததை இளையராஜாவே சொல்லியிருக்கிறார்.

பாவலரின் பாட்டு அன்றாடச் சண்டையோடு கட்டப்பட்டது. காங்கிரஸ் 1969இல் பிளந்தது. இரட்டைக் காளைச் சின்னமும் போயிற்று. காளையைக் காணாதவருக்குக் கேலி எப்படிப் புரியும்? வித்தைக்கு அந்தத் தடை இல்லை. 1975இல் மதுரையில் பிறந்த தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பின்னாளில் நடத்திய கலை இரவு மேடைகளில், தெரிந்த மெட்டில் அன்றைய விலைவாசியைப் பாடும் வழக்கம் தொடர்ந்தது.

திருமங்கலத்தில் விசுவநாததாசுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. பாவலரின் பேரைத் தம்பிகள் திரையில் வைத்தார்கள்: பாஸ்கர் தயாரித்த ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தில் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்ற எழுத்து வரும். கொட்டகை இருட்டில் அதைப் பார்த்துத் தேவிகுளத்தை நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். பலர் அப்போதுதான் இடம் தேடி உட்கார்ந்துகொண்டிருந்திருப்பார்கள்.