உயரம் வேறு, ஏற்றம் வேறு

வத்தலக்குண்டிலிருந்து பண்ணைக்காட்டுக்குப் பேருந்தில் போயிருப்பவர்களுக்கு வகைக்கெழு என்றால் என்னவென்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலையடிவாரம் வந்ததும் ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். வண்டி முனகத் தொடங்குகிறது. காப்பித் தோட்டங்களைக் கடந்து கடைவீதிக்குள் நுழைந்ததும் முனகல் அடங்கிவிடுகிறது. ஊர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஏற்றம் இல்லை.

இவ்வளவு தெளிவான செய்தி தாளில் வந்தவுடன் மறைந்துவிடுகிறது. ஒரு சார்பின் வரைபடத்தைக் கொடுத்து அதன் வகைக்கெழுவை வரையச் சொன்னால், என் வகுப்பில் பாதிப்பேர் அதே குன்றைச் சற்றுச் சிறியதாக வரைந்து நீட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு, பண்ணைக்காட்டுக்கும் மேலே, 2343 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வரலாற்றோடு சேர்ந்தது.

சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்வாபே என்னும் மருந்துக்கடைக்காரர் 1843இல் அறிவித்தார். (சராசரிக் காலம் 11 ஆண்டுகள் என்பது பின்னர் தெளிவாயிற்று.) 1876–78இல் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைப் பலிகொண்ட பஞ்சம் வந்தது. புள்ளிகள் குறையும்போது மழையும் பொய்க்கிறதா? லாக்கியரும் ஹண்டரும் 1877இல் அப்படித்தான் வாதிட்டார்கள். அந்தத் தொடர்பு அவர்கள் நினைத்த எளிய வடிவில் நிலைக்கவில்லை. ஆயினும் சூரியனை நாள்தோறும் கவனிக்க இந்தியாவில் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1899இல் மிச்சி ஸ்மித்தைத் தலைவராகக் கொண்டு கொடைக்கானல் ஆய்வகம் தோன்றியது. 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள்.

இனி வரைபடத்துக்கு வருவோம். உலகின் பல நிலையங்களில் எண்ணப்பட்ட புள்ளிகளிலிருந்து கணக்கிடும் சூரியப் புள்ளி எண்ணை எடுத்துக்கொள்வோம். 19ஆம் சுழற்சியில் இது 1954 ஏப்ரலில் சுமார் 5; 1958 மார்ச்சில் 285; 1964 அக்டோபரில் மீண்டும் 14. இதன் வகைக்கெழுவை எப்படி வரைவது?

1954இன் அடிமட்டத்தில் தொடுகோடு கிடையாக இருக்கிறது. ஆகவே அங்கே அச்சின்மேல் ஒரு புள்ளி. பிறகு சாய்வு நேர்க்குறி பெறுகிறது. வளைவு மிகச் செங்குத்தாக ஏறும் இடத்தில் வகைக்கெழு தன் உச்சியைத் தொடுகிறது. அந்த உச்சி 1958இல் இல்லை, அதற்கு முன்பே வந்துவிடுகிறது! புள்ளிகள் மிகுந்திருந்த 1958 மார்ச்சில் வகைக்கெழு சுழி. அதன்பின் கோடு அச்சுக்குக் கீழே போய், 1964இல்தான் மீண்டும் மேலே வருகிறது. ஏற 47 மாதங்கள், இறங்க 79. மாதத்துக்குச் சராசரியாக 6 ஏறிய எண், 3.4 வீதமே இறங்கியது. ஆகவே அச்சுக்கு மேலே ஒடுங்கி உயர்ந்த குன்று, கீழே ஆழமற்ற நீண்ட பள்ளம். குன்றின் பரப்பு 280, பள்ளத்தின் பரப்பு 271. ஏறிய அளவும் இறங்கிய அளவும்தான் இவை. நீங்கள் வரைந்த படத்தில் பள்ளம் குன்றைவிட மிகப் பெரியதாக இருந்தால் எங்கோ தவறு.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னவை பல மாதங்களின் சராசரியால் சமன்செய்த எண்கள். அன்றாட எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் வகைக்கெழு முட்புதராகிவிடும். சூரியன் சுமார் 27 நாட்களுக்கு ஒருமுறை சுழல்வதால், இன்று கண்ட புள்ளிக்கூட்டம் சில நாட்களில் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும். எண் சட்டென்று விழும். சாய்வோ பாதாளத்துக்குப் போகும். சார்பில் சிறு நடுக்கம், வகைக்கெழுவில் பெரும் ஆட்டம். ஆய்வுக்கூடத்தில் அளவீடு எடுக்கும் மாணவர்கள் இதை மறக்கலாகாது.

சாய்வுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? ஜூரிச்சைச் சேர்ந்த வால்ட்மையர் 1935இல் ஒன்றைக் கவனித்தார்: விரைவாக ஏறும் சுழற்சிகள் பெரும்பாலும் உயரமாகவும் வளர்கின்றன. அப்படியானால், தொடக்கத்து ஏற்றத்தைப் பார்த்தே வரப்போகும் உச்சத்தை ஓரளவு ஊகிக்கலாம். 19ஆம் சுழற்சி 47 மாதங்களில் 285ஐ எட்டியது. 2008 டிசம்பரில் தொடங்கிய 24ஆம் சுழற்சி 64 மாதங்கள் எடுத்துக்கொண்டு 116இல் நின்றுவிட்டது. 2019 டிசம்பரில் பிறந்த 25ஆம் சுழற்சி 58 மாதங்களில் சுமார் 161ஐத் தொட்டது. மூன்றும் விதிக்கு இசைகின்றன. எல்லாச் சுழற்சிகளும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

24ஆம் சுழற்சியில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2012இன் தொடக்கத்தில் ஓர் உச்சம், சிறிது இறக்கம், 2014 ஏப்ரலில் அதைவிட உயர்ந்த இன்னொன்று. அதன் வகைக்கெழு இரண்டு அடிமட்டங்களுக்கிடையே அச்சை எத்தனை முறை வெட்டும்? ஒருமுறை என்று வரைந்தவர்கள் அந்தச் சிறிய இறக்கத்தை மறுபடி பாருங்கள். மூன்று முறை.