கழுத்துப்பட்டியின் உட்புறம்

எகிப்து நாட்டிலே அரசர் பள்ளத்தாக்கு எனப்படும் இடத்தில், 1899ஆம் ஆண்டில், விக்டர் லோரே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு கல்லறையைக் கண்டார். அங்கே அடக்கஞ் செய்யப்பெற்றிருந்தவன் அரசனல்லன். மைகெர்ப்பிரி என்பது அவன் பெயர். அரசனின் வலப்பக்கத்தில் விசிறி தாங்கி நிற்கும் உரிமை பெற்ற பிரபு. அவனுடைய அம்புகளோடும் அம்பறாத்தூணிகளோடும், நாய்களுக்குரிய தோற்கழுத்துப்பட்டிகள் இரண்டும் அக்கல்லறையில் வைக்கப்பட்டிருந்தன. இன்றைக்கு ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை. ஒன்றிலே குதிரைகளும் தாமரை மலர்களும். மற்றதிலே வேட்டைக் காட்சிகள். குதிரை எகிப்துக்கு வந்து சில நூற்றாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. ஆகவே குதிரையுருவம் பொறித்த பட்டி அக்காலப் பெருமக்களிடையே நாகரிகத்தின் அடையாளமாயிருந்தது போலும். அவ்விரு பட்டிகளுள் ஒன்றிலே அதனை அணிந்திருந்த பெண்நாயின் பெயரும் எழுதப்பட்டுள்ளது: தந்தநூயித்.

நாயின் கழுத்தை அலங்கரிக்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு இவ்விரு பட்டிகளே சான்று. ஆனால் கழுத்தணியைக் காண்பவர் அதன் வெளிப்புறத்தையே காண்கின்றனர். அணிந்திருக்கும் விலங்கோ உட்புறத்தை மட்டுமே அறியும். அந்த உட்புறத்தைப் பற்றி முதன்முதல் எண்ணியவர் யார் என்று சொல்லுதல் அரிது. எண்ணி எழுதி வைத்த பழைய அறிஞர்களுள் ஒருவரை மட்டும் சுட்டிக் கூறலாம்.

அவர் உரோமாபுரியைச் சேர்ந்த வாரோ என்னும் பேரறிஞர். கி.மு. 37இல், தமக்கு எண்பதாவது வயது நடக்கும்போது, உழவுத்தொழில் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதிலே மந்தை காக்கும் நாய்களைப் பற்றிய பகுதியொன்று உண்டு. ஓநாய் நாயைத் தாக்கும்போது தொண்டையையே நாடும். ஆதலால் உறுதியான தோலினாற் பட்டி செய்து, அதிலே தலையுள்ள ஆணிகளைப் பொருத்தி நாயின் கழுத்திலே பூட்டுவது அந்நாட்டு இடையர் வழக்கம். மெலியம் என்பது அதற்குப் பெயர். ஆணியின் கூர் வெளியே பகைவனை நோக்கி நிற்க, தலை உள்ளே நாயின் பக்கமாக அமையும். அந்தத் தலைகளை மூடி மென்மையான தோல் தைக்கப்படவேண்டும், இல்லையேல் இரும்பின் கடுமை கழுத்தைப் புண்படுத்தும் என்று வாரோ எழுதுகிறார். இன்னுமொன்றும் சொல்கிறார்: இத்தகைய பட்டியினாற் காயமுற்ற ஓநாய், பட்டி அணியாத நாயையும் பின்னர் அணுகாதாம். இதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மென்தோல் பற்றிய குறிப்போ நாயின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர்களின் அனுபவத்திலே பிறந்தது என்பதில் ஐயமில்லை.

வாரோ இந்நூலை எழுதி ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலாயிற்று. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை குமுறியது. அதன் அடிவாரத்திலிருந்த பொம்பேயி நகரம் சாம்பலிலும் நுரைக்கல்லிலும் புதைந்தது. அந்நகரில் வெசோனியஸ் பிரைமஸ் என்பவனுடையதெனக் கருதப்படும் வீட்டின் முன்வாயிலிலே காவல்நாய் ஒன்று சங்கிலியாற் கட்டப்பட்டிருந்தது. வீட்டார் அதனை அவிழ்த்துவிடாமலே சென்றனர்; மறந்தனரோ, அஞ்சி ஓடினரோ, யார் அறிவார்? மேலிருந்து விழுந்த கற்கள் தரையிலே குவியக் குவிய, அந்த நாய் அக்குவியலின்மீது ஏறி ஏறி நின்றிருக்கவேண்டும். சங்கிலியின் நீளம் முடிந்த இடத்தில் அதன் ஏற்றமும் முடிந்தது. மல்லாந்து, உடல் முறுக்குண்டு, கால்கள் மேல்நோக்கிய நிலையில் அது மாண்டது.

உடல் அழிந்தபின் சாம்பலிலே எஞ்சிய வெற்றிடத்தைச் சாந்தினால் நிரப்பி வடிவெடுக்கும் முறையைப் பியொரெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் 1863இல் கையாண்டார். அம்முறையினாலேயே 1874இல் இந்த நாயின் உருவமும் எடுக்கப்பட்டது. அதன் கழுத்துப்பட்டி அவ்வுருவத்திலே இன்றும் தெளிவாகத் தெரிகின்றது. நல்ல வேலைப்பாடுள்ள பட்டிதான். அறுந்திருந்தால் அந்த நாய் பிழைத்திருக்கக்கூடும்.

ஐரோப்பாவின் பிற்காலத்துக் கழுத்தணிகளைக் காண விரும்புவோர் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டைக்குச் செல்லவேண்டும். அயர்லாந்தில் வாழ்ந்த ஜோன் ஹண்ட் என்பவரும் அவர் மனைவியாரும் சேர்த்த கழுத்துப்பட்டிகளை அடிப்படையாகக் கொண்ட தொகுதி அங்குளது, நூற்றுக்கு மேற்பட்டவை. பழையன வேட்டைநாய்களுக்கானவை: அகன்ற இரும்பு வளையங்கள், அவற்றிலே நெருங்கிய முட்கள். கரடியும் ஓநாயும் காட்டுப்பன்றியும் திரிந்த காடுகளுக்கு அவை வேண்டியிருந்தன. காடுகள் சுருங்க முட்களும் மறைந்தன. பதினெட்டாம் நூற்றாண்டிலே பித்தளையும் வெள்ளியும் வந்தன. உரிமையாளரின் பெயரும் குலச்சின்னமும் பொறிக்கப்பட்டன. 1730களில் வேல்ஸ் இளவரசர் பிரெடெரிக்கின் நாய்க்காக, படிப்பவரையே எள்ளி நகையாடும் ஈரடிச் செய்யுளொன்றைக் கவிஞர் அலெக்சாந்தர் போப் எழுதிக் கொடுத்தார்.

இவ்வுலோகப் பட்டிகளிற் பல சிறு பூட்டினாற் பூட்டப்பட்டவை. திறவுகோலை வைத்திருப்பவனே நாய்க்கு உடையவன். களவைத் தடுப்பதற்கு ஏற்ற வழிதான். ஆனால் முட்புதரிலோ வேலியிலோ பட்டி சிக்கிக்கொண்டால் அயலான் ஒருவன் இரங்கினாலும் கழற்ற இயலாது. எனினும் அக்காலக் கம்மியரைக் கருணையற்றவர் என்று சொல்லிவிடல் தகாது. நல்ல பட்டிகளின் விளிம்பை அவர்கள் வெளிப்புறமாக உருட்டி மழுக்கியிருக்கின்றனர். சிலவற்றிலே உள்ளே தோல் வைத்துத் தைப்பதற்கென ஓரத்திலே துளைகளும் உள. வாரோ சொன்ன மென்தோல், பெயர் அறியாத கம்மியர் கையிலே மீண்டும் தோன்றிற்று.

இக்காலத்துக் கடைகளில் ஓநாய்க்கு அஞ்சிப் பட்டி வாங்குவோர் அரியர். பளபளக்கும் கற்கள், மணிகள், பின்னல் வேலைகள் ஆகியனவே கண்ணைக் கவர்கின்றன. கல்லைப் பதித்த ஆணியின் முனை உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பவர் சிலரே. பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழையவேண்டும். வளரும் குட்டியாயின் வாரந்தோறும் இதனைப் பார்த்தல் நன்று. தொங்கும் மணி கூட்டின் கம்பியிற் சிக்கும். கழன்று விழுந்தால் வயிற்றுக்குள்ளும் போகும். மூக்குச் சப்பையான இனங்களுக்கு மூச்சு இயல்பாகவே தடைப்படுவதுண்டு. அவற்றின் கயிற்றைக் கழுத்திலன்றி மார்பிலணியும் வாரிலே கட்டுதலே தகும்.

நாய்கள் ஒன்றோடொன்று விளையாடும்போது ஒன்றின் தாடை மற்றதன் பட்டியிலே மாட்டிக்கொள்வதும் உண்டு. இதற்காகவே, வலிந்து இழுபட்டால் தானே திறந்துகொள்ளும் கொளுவியுடைய பட்டிகள் இப்பொழுது செய்யப்படுகின்றன. பொம்பேயி நாய்க்கு வேண்டியிருந்தது இதுதான். ஆயின் தெருவிலே நடத்திச் செல்லும்போது அதே கொளுவி நாயை வண்டிகளிடையே விட்டுவிடும். ஆகையால் கொளுவியின் இருபுறமும் வளையம் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கயிற்றை மாட்டுமாறு அமைத்துள்ளனர்.

பெயரும் முகவரியும் எங்கே எழுதுவது என்பது எஞ்சிய கேள்வி. பொது இடத்திலே செல்லும் நாயின் கழுத்துப்பட்டியில் உடையவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்று பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டின் ஆணையொன்று விதிக்கிறது. பட்டியிலேயே எழுதினும், அதிலே மாட்டிய தகட்டில் எழுதினும் சரி. தொங்கும் தகடு எதிலேனும் சிக்கக்கூடும் என்று எண்ணுவோர், கழுத்தோடு படிந்திருக்கும் பட்டியின்மீதே எழுத்தைப் பொறித்துக் கொள்கின்றனர். தந்தநூயித்தின் பெயரும் அவ்வாறே தோலின்மீதே எழுதப்பட்டிருந்தது.