டைனமோவுக்கு அடங்காத வால்வு றேடியோ

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, பற்றறியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். வீட்டில் கிடந்த பழைய வால்வு றேடியோ மட்டும் ஏன் அதில் பாடவில்லை என்று மல்லாவியில் ஒரு பெரியவர் அண்மையில் என்னிடம் கேட்டார்.

சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 வோற். ஈஎல்84 என்ற ஒரு வால்வின் இழையைச் சூடாக்கவே 6.3 வோல்ற்றில் 0.76 அம்பியர், அதாவது 4.8 வோற் வேண்டும். அதற்கு மேல் அனோட்டுக்கு 250 வோல்ற் வரை. பெட்டிக்குள் நாலைந்து வால்வுகள். இழுக்கும் மின்சாரத்தில் சத்தமாவது கொஞ்சம், மிச்சம் வெப்பம்தான். திரான்சிஸ்ரரில் சூடாக்க இழையே இல்லை, அரை வோற்றுக்கும் குறைவாகவே பேசும்.

பெடல் சுற்றுவது பிள்ளைகளான எங்கள் வேலை. கை களைத்தால் குரல் அமுங்கும். செல் விழுந்த ஊரின் பெயரும் அதோடு போய்விடும்.