மலையிறங்கிக் கற்றவர்கள்

கல்விக்குத் தடையாவது வறுமை ஒன்றே என்று கருதுவோர் நம்மவருட் பலர். கைப்பொருள் இருந்தும் தாண்டவொண்ணாத தடைகள் வேறு உள என்பதை நம் நீலகிரியின் சரித்திரமே காட்டும்.

முதலாவது, தூரம். உதகையில் அரசினர் கலைக் கல்லூரி, சல்லிவன் துரை 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவில், 1955-ஆம் ஆண்டிலேதான் தோன்றிற்று. அதற்கு முன் பட்டம் வேண்டியோர் கோயமுத்தூருக்கோ சென்னைக்கோ இறங்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரயில் குன்னூரை எட்டியது 1899-இல். உதகையை எட்டியது 1908-இல். குளிரில் வளர்ந்த பிள்ளைக்குச் சமவெளியின் வெம்மையும் அடிவாரத்து மலைக்காய்ச்சலும் பெரும் பகையாயின.

இரண்டாவது, மொழி. வழிவழி வந்த எழுத்தில்லாப் படுக மொழியை வீட்டிலே பேசிய சிறுவன், பள்ளியில் ஒரு பாஷையும் கலாசாலையில் ஆங்கிலமும் பயில வேண்டியதாயிற்று.

மூன்றாவது, அச்சம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாசல் மிஷன் பாதிரிமார் கேத்தியில் கல்விப்பணி புரிந்தனர். 1858-இல் நம்மவருள் முதல்வர் ஒருவர் கிறிஸ்து சமயம் புக்கதும், பள்ளிக்குச் சென்ற பிள்ளை குலத்தை விட்டகலுவான் என்று பெரியோர் அஞ்சினர். அவர்தம் அச்சத்தை இகழ்தல் தகாது. ஆயினும் அதனால் இழந்த தலைமுறைகளை மறத்தலும் தகாது.

இத்தடைகளைக் கடந்தவர் ஹுப்பதலை ராவ் பகதூர் ஆரி கவுடர். 1893-இல் பிறந்த இவரே நம் சமூகத்தின் முதற் பட்டதாரி எனப் போற்றப்படுகிறார். கற்ற கல்வியால் இவர் குலத்தை விட்டகன்றாரல்லர்; சென்னைச் சட்டசபையில் மலைமக்களுக்காகப் பேசினார்; உருளைக்கிழங்குக் குடியானவர் மேட்டுப்பாளையத்தில் நியாய விலை பெறும்பொருட்டு 1935-இல் எழுந்த நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நெடுங்காலம் தாங்கினார். பெரியோர் அச்சத்திற்கு இதனினும் சிறந்த விடை யாது?

மாதர்க்கோ தடை இரட்டிப்பு. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி அம்மையார் ஆடவர் கல்லூரியிற் சேர மகாராஜாவின் அனுமதியே வேண்டியிருந்தது. அவர் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நம் மகளிருள் முதற் பட்டதாரியான அக்கம்மா தேவியார் 1962-இல் நீலகிரியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். பெண்களுக்கெனக் குன்னூரில் பிராவிடன்ஸ் கல்லூரி 1966-இல் அமைந்தபின் மலையிறங்காமலே அவர்கள் பட்டம் பெறலாயிற்று.

இன்று கல்லூரியும் அருகில், பாதையும் உண்டு. ஆயினும் இறுதிப் பரீட்சைக்கு முன் மணநாள் குறித்தலும், வீட்டு வேலைக்கெனப் பெண்ணை மறித்தலும் நம் கையாலேயே நாம் இடும் தடைகள். அன்பர்காள்! ஹட்டிதோறும் பட்டம் பெற்றோர் ஒவ்வொருவரும் புதிதாய்க் கல்லூரி புகும் ஒரு பிள்ளைக்கேனும் துணைநின்று, முடிக்கும்வரை கைவிடாதிருப்பாராக. தொடங்கிய கல்வி முடிந்தாலன்றிப் பயன் தாராது.