112ஆம் எண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

ஓர் அலுவலகத்தின் கணினிகளுக்கெல்லாம் வெளியே போக ஒரே ஒரு ரூட்டர் முகவரிதான் தெரியும். அந்த ரூட்டர் படுத்துவிட்டால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு ரூட்டர்களை வைத்து ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. சிஸ்கோ இதற்காக எச்எஸ்ஆர்பி என்ற முறையை உருவாக்கி 1994இல் விண்ணப்பித்து, 1995 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 1998இல் விஆர்ஆர்பி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டபோது, அதுவும் தன் காப்புரிமைக்குள் வரும் என்றது சிஸ்கோ. நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் உரிமம் தருகிறோம் என்றும் சொன்னது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று கொடுக்கப்படும் ஓர் இயங்குதளம் எத்தனை பிரதிக்கு, யார் பேரில் கட்டணம் கட்டும்? இப்படி ஒரு பூட்டு இருப்பது தெரிந்தும் அதைப் பொதுத் தரமாக ஏற்றதுதான் தவறு என்பேன். சிஸ்கோவைவிட ஐஇடிஎஃப் மீதே எனக்கு வருத்தம்.

கனடாவின் கால்கரியிலிருந்து தியோ டி ராட் நடத்தும் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் உரிமம் கேட்டு நிற்கவில்லை. சொந்தமாக ஒன்றை எழுதியது. ரையன் மெக்பிரைட் 2003இல் எழுதத் தொடங்கிய கார்ப் என்ற அந்த நெறிமுறை, 2004 மே மாதம் 3.5ஆம் பதிப்பில் வெளிவந்தது. இதில் பகிரப்படும் ஐபி முகவரி பொட்டலத்தில் வெளிப்படையாகப் போவதில்லை. அந்த முகவரியையும் ரகசியச் சாவியையும் சேர்த்து எஸ்எச்ஏ-1 முறையில் கணக்கிட்ட முத்திரைதான் போகிறது. சாவி தெரியாதவன் நானே முதன்மை என்று நடுவில் புகுந்துவிட முடியாது. காப்புரிமையிலிருந்து விலகி நிற்கச் செய்த இந்த ஏற்பாடு, பாதுகாப்பிலும் ஒரு படி மேலே போய்விட்டது. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இயங்குதளங்களும் பின்னால் இதை எடுத்துக்கொண்டன.

கார்ப்புக்குத் தனி நெறிமுறை எண் கேட்டார்கள். தர அமைப்புகளின் வழியாக வரவில்லை என்று எண் பதிவாளரான ஐஏஎன்ஏ மறுத்துவிட்டது. சரி என்று, விஆர்ஆர்பி-யின் 112ஆம் எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டிப் பார்த்தால் லினக்ஸில் கார்ப் பொட்டலங்கள் விஆர்ஆர்பி என்றே வரும். இது கார்ப் என்று நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். மேக் முகவரியும் அப்படியே: கடைசி இரண்டு இலக்கம் மட்டும் முகவரியைப் பகிரும் ரூட்டர் குழுவின் எண்ணுக்கேற்ப மாறும், மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்று.

1994இல் விண்ணப்பித்த அந்தக் காப்புரிமையின் ஆயுள் 2014இல் முடிந்துவிட்டது. ஆனால் இந்த மோதல் முடியவில்லை. ஒரே சுவிட்சில் கார்ப்பும் விஆர்ஆர்பி-யும் ஒரே குழு எண்ணில் ஓடினால் இரண்டுக்கும் மேக் முகவரி ஒன்றாகிவிடும். போக்குவரத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அல்லாடும். புதிய இடத்தில் கார்ப் ஓடும் ஃபயர்வால் ஜோடி வைக்கப் போனால், மேலே இருக்கும் ரூட்டர்களில் விஆர்ஆர்பி எந்தக் குழு எண்ணில் ஓடுகிறது என்று இணைப்புத் தருபவர்களிடம் கேட்டு வாங்கிய பிறகுதான் என் எண்ணைப் போடுகிறேன்.