பக் ரோஜர்ஸ் படக்கதையும் பழந்தாள் சேர்ப்போரும்

அஞ்சல் தலை சேர்ப்பவரை அறிவுடையார் என்கிறோம். பழங்காசு சேர்ப்பவரை ஆராய்ச்சியாளர் என்கிறோம். பழைய படக்கதை ஏடுகளைத் தேடிச் சேர்ப்பவரைக் கண்டால் மட்டும் நமக்கு நகைப்பு வருகிறது. அந்நகைப்பு முறையன்று என்பதற்கு அமெரிக்க விஞ்ஞானப் படக்கதை ஒன்றின் வரலாறே சான்று.

அக்கதை பிறந்த தாளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மலிவு விலைக் கதை இதழ்கள் பெருகின. மரக்கூழினால் செய்த மட்டரகத் தாளில் அச்சானமையால், கூழ் என்று பொருள்படும் 'பல்ப்' என்பதே அவற்றின் பெயராயிற்று. படித்தபின் எறிந்துவிடுவதே வழக்கம். ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்', ஆங்கிலத்தில் விஞ்ஞானக் கதைக்கென்றே வெளிவந்த முதல் இதழாகும்.

அதன் 1928 ஆகஸ்டு வெளியீட்டில், பிலிப் பிரான்சிஸ் நவ்லன் எழுதிய 'ஆர்மகெடான் 2419' என்னும் குறுநாவல் வந்தது. அந்தோனி ரோஜர்ஸ் என்பவன் பழைய நிலக்கரிச் சுரங்கமொன்றில் வாயுவினால் மயங்கி, 492 ஆண்டுகள் உறங்கி எழுகிறான். செய்தித்தாள்களுக்குப் படக்கதை வழங்கும் நிறுவனம் நடத்திய ஜான் டில் இக்கதையைக் கண்டார். நவ்லனையே எழுதச் செய்தார். டிக் கால்கின்ஸ் படம் வரைந்தார். அந்தோனி, 'பக்' ஆனான். 1929 ஜனவரி 7-ஆம் நாள் தொடர் தொடங்கியது. அதே நாளில்தான் டார்சான் படக்கதையும் நாளிதழ்களில் தொடங்கிற்று. அதுவும் 1912-இல் ஒரு பல்ப் இதழில் வெளியான நாவலே!

மேற்சொன்ன ஆகஸ்டு இதழின் அட்டையில் கருவியொன்றின் துணையால் வானில் மிதக்கும் மனிதன் ஒருவனைக் காணலாம். அவனே பக் ரோஜர்ஸ் என்று எழுதியோர் பலர். உண்மையில் பிராங்க் ஆர். பால் தீட்டிய அப்படம், அதே இதழில் தொடங்கிய ஈ. ஈ. ஸ்மித்தின் 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' நாவலுக்குரியது. ஏட்டைப் பிரித்துப் படித்தவர்க்கே இது விளங்கும். அட்டையை மட்டும் பார்த்து வரலாறு எழுதுவது எங்கும் உள்ள குறைதான்.

படக்கதை தொடங்கிய ஆண்டில், இல்லினாய் மாநிலத்தின் வாக்கீகன் நகரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் அதைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிச் சேர்த்து வந்தான். பள்ளித் தோழர்கள் ஏளனம் செய்தனர். வெட்கிப்போன சிறுவன் சேர்த்தவை அனைத்தையும் கிழித்தெறிந்தான். பிறகு, தன்னிடமிருந்து எதுவோ போய்விட்டதென அழுதான். மறுபடியும் சேர்க்கத் தொடங்கினான். அவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் ரே பிராட்பரி. 1969-இல் பக் ரோஜர்ஸ் படக்கதைகள் பெருந்தொகுப்பாக வந்தபோது முன்னுரை எழுதியவரும் அவரே. மாணவன் கையில் படக்கதையைக் கண்டதும் பறிக்க நீளும் ஆசிரியர் கை, இச்செய்தியை எண்ணிச் சற்றே தயங்கலாம்.

ஆனால் அக்கதையில் எல்லாமே போற்றத்தக்கன அல்ல. அமெரிக்காவை அடிமைப்படுத்தும் பகைவர்கள் நாவலில் 'ஹான்' இனத்தார், படக்கதையில் மங்கோலியர். ஆசியர்மீது அன்று அங்கு நிலவிய அச்சமும் வெறுப்பும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகின்றன. இந்நாட்டிலிருந்து படிக்கும் நமக்கு முகஞ்சுளிக்கத் தோன்றும். 1978-இல் வேறோர் எழுத்தாளர் நாவலைத் திருத்தியமைத்தார். திருத்திய நூலையே கற்பவர், 1928-இல் மக்கள் விரும்பிப் படித்தது எதுவென அறியார். பழைய ஏட்டின் மதிப்பு அதன் அழகில் மட்டும் இல்லை. மறைக்க விரும்புவதையும் அது மறைக்காமல் வைத்திருக்கிறது.

அவ்வேடுகளோ அரியவாகிவிட்டன. மரக்கூழ்த் தாள் தானே மஞ்சளித்து நொறுங்கும். இரண்டாம் உலகப்போரின்போது பழந்தாள் திரட்டும் இயக்கத்தில் கணக்கற்ற ஏடுகள் அழிந்தன. எஞ்சிய செய்தித்தாள் தொகுதிகளை நூலகங்களே கழித்தன. நுண்படச்சுருளில் பதிவு செய்தாயிற்று, இனித் தாள் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சுருளில் பதிந்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். ஞாயிற்றுக்கிழமைப் படக்கதைகளின் வண்ணம் அதில் இல்லை.

இதைக் கண்டு வருந்தியவர் பில் பிளாக்பேர்டு. படக்கதை வரலாறு எழுத விரும்பிய அவர், கழிக்கப்படும் தொகுதிகளைக் கேட்டார். தனியாளுக்குக் கொடுக்க இயலாது என்றனர். எனவே 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் தம் வீட்டையே படக்கதைக் கலைக்கழகம் ஆக்கி, நிறுவனத்தின் பெயரால் கேட்டுப் பெற்றார்! முப்பதாண்டுகளில் அறைகளும் நடைவழிகளும் நிரம்பின. 1998-இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை ஏற்றது. ஏறத்தாழ 75 டன் எடையுள்ள அத்தாள்களைக் கொண்டுசேர்க்க ஆறு பெருஞ்சரக்கு வண்டிகள் வேண்டியிருந்தன.