இரு கட்சிக்கும் ஒரே வேட்பாளர்

1946 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த முதல்நிலைத் தேர்தலில் ஆளுநர் ஏர்ல் வாரன் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகத் தேர்வானார். அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகவும் அவரே தேர்வானார். அக்கட்சிக்காரரான மாநில அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னி, சொந்தக் கட்சி வாக்காளர்களிடமே தோற்றுப்போனார். நவம்பரில் வாரனை எதிர்த்து நிற்க மதுவிலக்குக் கட்சிக்காரர் ஒருவர்தான் மிஞ்சினார். வாரனுக்கு 90 சதவீதத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. ஒருவரே எத்தனை கட்சிகளில் வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்ற 1913-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதற்கு வழிவிட்டது. கட்சி முதலாளிகளின் பிடியிலிருந்து வாக்காளரை மீட்ட சீர்திருத்தம் என்று அது நெடுங்காலம் புகழப்பட்டது. நடைமுறையில் அது பதவியில் இருந்தவர்களைத்தான் காப்பாற்றியது. அதற்கு உதவியது, வேட்பாளருக்குக் கிடைத்த சுதந்திரத்தை விட வாக்காளரிடமிருந்து மறைக்கப்பட்ட தகவல்தான் என்பது என் எண்ணம்.

சட்டம் பிறந்த சூழலை முதலில் பார்க்க வேண்டும். சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி இரு கட்சிகளின் மாநாடுகளையும் ஆட்டிவைத்த மாநிலம் அது. அந்தப் பிடியை உடைக்க 1909-இல் நேரடி முதல்நிலைத் தேர்தல் வந்தது. மறு ஆண்டே அதன் வழியாக ஹைரம் ஜான்சன் ஆளுநரானார். 1912-இல் அவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுடன் முற்போக்குக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றார். ஊர் திரும்பியதும் சிக்கல் முளைத்தது: புதுக் கட்சியின் பெயரில் நின்றால் குடியரசுக் கட்சியில் பதிந்திருந்த பழைய ஆதரவாளர்களின் வாக்கு கைவிட்டுப் போகும். ஆகவே இரண்டு வீட்டிலும் கை நனைக்க வேட்பாளருக்குச் சட்டம் இடம் கொடுத்தது. வாக்காளருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் எந்தக் கட்சியில் பதிந்தாரோ அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு மட்டுமே அவருக்குக் கிடைக்கும். கொள்கை பேசிப் பிறந்த சட்டத்தில் சொந்தக் கணக்கும் கலந்திருந்தது என்று சொல்வதில் தவறில்லை. பின்னர் ஒரே ஒரு கடிவாளம் போட்டார்கள்: சொந்தக் கட்சியில் தோற்றவர் மற்ற கட்சியில் வென்றாலும் செல்லாது. 1918-இல் சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் ஜேம்ஸ் ரோல்ஃப் அதில்தான் மாட்டிக்கொண்டார். குடியரசுக் கட்சிக்காரரான அவர் அங்கே தோற்று, ஜனநாயகக் கட்சியில் வென்றும் வேட்பாளராக முடியவில்லை.

மக்கள் கட்சியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள். அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். வாரனைப் பொறுத்தவரை அது உண்மைதான். எதிர்க்கட்சிக்காரர்களும் விரும்பிய மனிதர் அவர். ஆனால் பெயரே அதிகம் தெரியாத சட்டமன்ற உறுப்பினர்களும் இரு கட்சி நியமனத்தையும் எளிதாக அள்ளிச் சென்றதற்கு அந்த விளக்கம் போதாது. முதல்நிலைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் சொந்தக் கட்சி அச்சிடப்படவில்லை. பதவியில் இருப்பவரின் பெயரோ முதலில், பதவிக் குறிப்போடு இருந்தது. ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர் தம் கட்சிச் சீட்டில் முதலாவதாக இருக்கும் பெயரைத் தம் ஆள் என்றே எண்ணிக் குத்தியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 1930-களின் நடுவிலேயே வாக்காளர் பதிவில் ஜனநாயகக் கட்சி முந்திவிட்டது. ஆனாலும் அந்த நூற்றாண்டில் 1958 வரை அக்கட்சி வென்ற ஒரே ஆளுநர் தேர்தல், 1938-இல் கல்பர்ட் ஓல்சன் வென்றதுதான்.

1952 நவம்பரில் மக்கள் முன் இரண்டு முன்மொழிவுகள் வந்தன. இந்த முறையையே ஒழிக்கக் கோரிய ஒன்று மயிரிழையில் தோற்றது. வேட்பாளரின் கட்சியை வாக்குச்சீட்டில் அச்சிடக் கோரிய மற்றொன்று வென்றது. வரலாற்றாசிரியருக்கு இப்படியொரு சோதனை அபூர்வமாகத்தான் வாய்க்கும்: மனுப் போடும் விதி அப்படியே இருக்க, கட்சிப் பெயர் மட்டும் புதிதாகச் சேர்ந்தது. 1954-இல் இரட்டை வெற்றிகள் சட்டென்று சரிந்தன. குடியரசுக் கட்சி ஆளுநர் குட்வின் நைட் பதவியில் இருந்தும், ஜனநாயகக் கட்சி நியமனம் ரிச்சர்ட் கிரேவ்ஸுக்கே போனது. 1953-இல் ஜனநாயகக் கட்சித் தொண்டர்கள் தனி அமைப்பு கண்டு, தம் ஆளை முன்கூட்டியே அறிவிக்கத் தொடங்கியதும் இதற்கு ஒரு காரணம். அச்செழுத்துக்கே முழுப் பெருமையையும் கொடுக்க முடியாது. ஆனால் அந்த அறிவிப்புக்கும் வலு சேர்த்தது அச்சிட்ட கட்சிப் பெயர்தான். 1958-இல் பேட் பிரவுன் தலைமையில் ஜனநாயகக் கட்சி மாநிலத்தைக் கைப்பற்றியது. மறு ஆண்டே பழைய சட்டம் ஒழிந்தது.

கட்சி என்பது தனியார் சங்கம், அதன் வேட்பாளரை வெளியார் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. 1996-இல் எந்த வாக்காளரும் எந்தக் கட்சி வேட்பாளருக்கும் முதல்நிலையில் வாக்களிக்கலாம் என்று கலிஃபோர்னியா வழிவிட்டபோது, கட்சிகள் இதையே சொல்லி 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றன. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2010-இல் மாநிலம் வேறு வழி பிடித்தது: எல்லோரும் ஒரே சீட்டில், முதல் இருவர் நவம்பருக்கு. இதில் கட்சி யாரையும் நியமிப்பதில்லை என்பதால் அதன் உரிமை பறிபோனதாகச் சொல்ல இடமில்லை. வேட்பாளர் தாம் விரும்பும் கட்சியைப் பெயருக்கருகில் குறிப்பிடுகிறார். அதிபர் வேட்பாளருக்கான முதல்நிலைத் தேர்தலுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பொருந்தாது. எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர் அதில் பங்குகொள்ள, அனுமதிக்கும் கட்சியின் சீட்டை இன்றும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.